நாற்பது பாகை நிபுணர்

மார்க்கம், ஸ்காபரோ பக்கம் பின்வளவுள்ள வீடு வாங்கிக் குடிபூர்ந்த சில ஆண்களுக்கு இரண்டாம் குளிர்காலத்தில் முதுகு நோகத் தொடங்கும். அந்த நோவுக்கு ஹொட் டப் ஒன்றே மருந்து என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அன்றிலிருந்து அப்படிப்பட்டவர் ஒரு நிபுணர்.

கலியாண வீட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அகப்பட்டவர் இலேசில் எழும்ப முடியாது. கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியச் சகோதரர்களான ஜக்குஸிமார் முதலில் விமான விசிறி செய்தது, 1921 விமான விபத்தில் ஒரு சகோதரரை இழந்தது, பிறகு கிணற்றுப் பம்பிக்கு மாறியது, அந்த வீட்டுப் பிள்ளையின் மூட்டுவாதத்துக்காகக் குளியல் தொட்டிக்குள் இறக்கும் பம்பி பிறந்தது எல்லாம் வரிசையாக வரும். பாயசம் வருவதற்குள் 1968-ஐ எட்டிவிடுவார். ரோய் ஜக்குஸி தொட்டியையும் பம்பியையும் ஒன்றாக்கிய காலம் அது.

“உங்களிட்டை எந்த மொடல் அண்ணை?”

“இன்னும் வாங்கேல்லை.”

ஆனால் கடைக்காரருக்கு அவர் சிம்மசொப்பனம். அறுபது ஜெட் என்று விற்பனைப் பையன் பெருமையடித்தால், “துளையை விடும் தம்பி, பம்பி எத்தினை?” என்பார். கேள்வி சரிதான். ஒரே பம்பியில் துளைகள் கூடக் கூட ஒவ்வொன்றின் வேகமும் குறையும். ஆறு பேருக்கான தொட்டியில் நாலு பெரியவர்கள்தான் கால் முட்டாமல் இருக்கலாம் என்பதும், படுக்கை இருக்கையில் சிலர் மிதந்து எழும்பிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நீச்சல் உடுப்போடு இறங்கிப் பார்த்துவிட்டு வாங்கச் சில கடைகள் இடம் கொடுப்பதுண்டு. அதை எந்தக் கடையிலும் அவர் தவறவிட்டதில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவருடைய முதுகு கடைக்காரர் செலவிலேயே சுகப்பட்டது.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இஞ்சேருங்கோ, தண்ணி ஆர் மாத்துறது?”

ஆராய்ச்சி அங்கேதான் நின்றது. சூட்டின் உச்சம் 40 பாகை செல்சியஸ் என்று சொன்னவருக்கு, அந்தச் சூட்டுத் தண்ணீரில் குளோரினோ புரோமினோ குறையக் கிருமி பெருகும் என்பது நினைவில் இல்லை. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொட்டியையும் இறைத்துக் கழுவ வேண்டும். 1,500 லீற்றர் தண்ணீர் என்றாலே ஒன்றரை தொன் பாரம். பாபிகியூ போடக் கட்டிய மரத்தளம் அதைத் தாங்காது, கொங்கிறீற் போன்ற உறுதியான தளம் வேண்டும். பனிக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் நின்றால் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

கடைசியில் அவர் வாங்கியது காற்றடிக்கும் தொட்டி. சாதாரண பிளக்கில் வேலை செய்யும். உறைகுளிர் வருமுன் மடித்து உள்ளே வைக்கும்படி அதன் கையேடு சொல்கிறது. குளிருக்கென்று வாங்கியவர் இப்போது ஆவணியில் வியர்க்க வியர்க்க அதற்குள் இருக்கிறார்.

உங்கள் உறவிலும் இப்படி ஒருவர் இருந்தால், தொட்டி வாங்கப் போகும்போது தவறாமல் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெட் கணக்கில் ஏமாற மாட்டீர்கள். பெரிய தொட்டிக்கான 240 வோல்ட் வயரை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒன்ராறியோவில் அந்த வேலையை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்.