ஆங்கில வினைச்சொல்லின் இருப்பிடம்: வேம்பார்க் கரையிலிருந்து ஓர் ஆய்வு

செயலைக் குறிக்கும் சொல் எதுவோ அதுவே வினை என்று பள்ளியில் சொல்லித்தரும் விதி வேம்பார்க் கடற்கரையில் ஒரு பொழுதுகூடத் தாங்காது. மீனும் ஃபிஷ், மீன்பிடிப்பதும் ஃபிஷ். வலையும் நெட், வலையில் அகப்படுத்துவதும் நெட். நங்கூரமும் அதைப் போடுவதும் ஆங்கர். தொல்காப்பியர், வேற்றுமை ஏற்காமல் காலத்தோடு வருவது வினை என்று சொல்லின் உடம்பிலேயே அடையாளம் வைத்தார். அண்டிரிக் அடிகளார் என்று இங்கே வழங்கும் ஹென்ரீக்கே ஹென்ரீக்கஸ், 16-ஆம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு லத்தீன் அச்சில் தமிழுக்கு இலக்கணம் எழுத முடிந்ததே, தமிழ் வினை காலத்தை இடைநிலையிலும் இடத்தை விகுதியிலும் சுமந்துகொண்டு வாக்கியக் கடைசியில் அடக்கமாக நின்றதால்தான். ஆங்கிலச் சொல்லுக்கு அந்த அடக்கம் கிடையாது. ஆகவே இக்கட்டுரையின் கொள்கை இது: ஆங்கிலச் சொல் கரையில் கிடக்கும்வரை பெயர், கடலில் இறங்கினால் வினை.

மொழியியலார் காட்டும் 'தே கேன் ஃபிஷ்' என்ற வாக்கியமே இதற்குத் தக்க சான்று. அவர்களால் மீன்பிடிக்க முடியும் என்று கொண்டால் ஃபிஷ் வினை. ஆட்கள் கடலில் இருக்கிறார்கள். மீனை டப்பாவில் அடைக்கிறார்கள் என்று கொண்டால் ஃபிஷ் பெயர். மீன் கரையேறித் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. பேர்ள் என்பதற்கு முத்துக்குளித்தல் என்றும் அகராதியில் பொருள் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதோடு அச்சொல் இக்கரையில் வினைப் பதவியை இழந்து நகைக்கடைக்குள் ஒதுங்கிவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் மீன் ஃபிஷ், மீன்பிடித்தல் ஃபிஷியன் என்று விகுதி இருந்ததே, அது தேய்ந்ததால் வந்த குழப்பம்தானே இது என்பார்கள் வரலாற்றறிஞர்கள். தேய்ந்தது உண்மை. தீவு நாடு அது; இரும்பையே தின்கிற உப்புக்காற்று விகுதியை விட்டுவைக்குமா? நாற்காலியும் மேசையும் புத்தகமும்கூட வினையாகின்றனவே என்றால், ஆகின்றன: கூட்டத்துக்குத் தலைமை தாங்க, மசோதாவைத் தாக்கல் செய்ய, டிக்கெட் பதிய. உட்கார்ந்தபடி நடக்கும் இவற்றை வினையென்று ஒப்ப இக்கட்டுரைக்கு மனமில்லை. உள்ளூர்க்காரர் எழுப்பும் ஆட்சேபம்தான் கனமானது. வேம்பார்க் கருப்பட்டிக்கு என்ன பதில்? பனையேறி, பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில் ஊற்றும் இத்தனை பாட்டுக்குப் பிறகும் ஆங்கிலத்தில் ஜாகரி வெறும் பெயர்தான். உழைப்பு போதவில்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் பனை கரையில் அல்லவா நிற்கிறது! அந்தச் சொல்லே போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து ஆங்கிலத்துக்குப் போனதுதானே என்று மடக்கினால், போனது மெய்தான். கப்பலில் பயணியாகப் போனது, கடலில் இறங்கவில்லை.