பலகாரப் பட்டியலில் ஒரு கோப்பு

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் ஒரு கணினி நிரலை இணையத்தைப் படிக்க உட்காரவைத்தார்கள். பெயர் நெல். ராப்பகலாகப் படிப்பு, ஞாயிறு லீவு கிடையாது. நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் என்று சில நூறு வகைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணம் காட்டி, 'மிச்சத்தை நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிட்டார்கள்.

பார்த்துக்கொண்டது. கேக், குக்கீ என்று பேக்கரிப் பண்டங்களை ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டே வந்த அது, பிரவுசர் நம் கணினியில் போட்டுவைக்கும் 'இன்டர்நெட் குக்கீ'யையும் அடுப்பில் சுட்ட பலகாரம் என்று குறித்துக்கொண்டது. அதோடு விட்டதா? 'குக்கீகளை அழித்தேன்' என்று ஜனங்கள் எழுதுகிறார்கள். 'கோப்புகளை அழித்தேன்' என்றும் எழுதுகிறார்கள். ஆகவே கோப்பும் பலகாரம்தான்! ஒரு தப்பை நம்பிவிட்டால் அதற்குச் சாட்சி சேர்ப்பதில் மனிதனை அப்படியே உரித்துவைத்திருந்தது.

ஏறக்குறைய அரை வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்களே அவ்வப்போது உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார்கள். கோப்புகள் பேக்கரியிலிருந்து வெளியேறின.

அதற்காக நெல்லை ரொம்பவும் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. தான் நம்பிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இது எந்த அளவு நிச்சயம்' என்று ஓர் எண்ணையும் அது எழுதிவைத்தது. காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் சர்க்கரை நோய் வைத்தியத்தில் அப்படி ஓர் எண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. 'பகிரவும்' மட்டும் தவறாமல் இருக்கிறது.