கோழிக்கு யார் வெந்நீர் வைப்பது?

கனடாவில் டிசம்பர் பிறந்ததும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு இறகு முளைத்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே புலம்பல்: விடிந்ததும் வைத்த தண்ணீர், இட்லி வேகும் நேரத்துக்குள் கல்லாகிவிடுகிறது. ஆகவே இந்த வாரம் முழுக்கக் கோழிக்கே.

கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கோழித் தண்ணீரை மாற்றுகிறேன். வேறு வழியே இல்லையா? (வாசகர், எட்மன்டன்)

பதில்: நீங்கள் எழுகிறீர்கள், சரி. கோழி எழுகிறதா? இருட்டில் அதற்குக் கண் தெரியாது. பொழுது சாயும்போது பரண் ஏறினால் விடிகிற வரைக்கும் இறங்காது, ஒரு சொட்டும் குடிக்காது. நீங்கள் காவல் காத்தது கோழிக்கு அல்ல, தண்ணீருக்கு. சாயங்காலம் பாத்திரத்தைக் கவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத் தூங்குங்கள். டிசம்பர் கடைசியில் உங்கள் ஊரில் பகலே சுமார் ஏழரை மணி நேரம்தான். ஏழரை என்றதும் பயப்படாதீர்கள், இது நல்ல ஏழரை. அந்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் தண்ணீராக இருந்தால் போதும். கூண்டில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறீர்கள் என்றால், விளக்கு எரியும் வரை தண்ணீரும் வேண்டும்.

கேள்வி: கூண்டுக்கு மின்சார இணைப்பு கிடையாது. செலவும் செய்ய மாட்டேன். வழி சொல்லுங்கள். (வாசகர், ஒன்டாரியோ கிராமப்புறம்)

பதில்: இவ்வளவு தெளிவாகக் கேட்பவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் செலவு உண்டு: இரண்டு கறுப்பு ரப்பர் தொட்டிகள். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது வீட்டுக்குள் உருகிக்கொண்டிருக்கும். விடிந்ததும், நடுப்பகலில், பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு என மூன்று முறை மாற்றினால் போதும். பரண் ஏறுவதற்கு முன் கோழி வயிறு நிறையக் குடிக்கும், அந்த மூன்றாவது முறையை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

ஏன் ரப்பர்? தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். பிளாஸ்டிக் குடுவை ஒருநாள் டப்பென்று விரிந்துவிடும். ரப்பர் தொட்டியைக் கவிழ்த்து முதுகில் ஒரு மிதி மிதித்தால் ஐஸ் வட்டமாக, இட்லித்தட்டிலிருந்து இட்லி விழுகிற மாதிரி விழும்.

அகலத் தட்டு வேண்டாம், ஆழமான தொட்டி வாங்குங்கள். குளிர் மேற்பரப்பு வழியாகத்தான் அதிகம் உள்ளே நுழைகிறது. தொட்டியைச் சுற்றி வைக்கோல் அடைத்து, காற்று வராத, வெயில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீரின் குணம் ஒன்று நம் பக்கம் இருக்கிறது. 0 டிகிரியைத் தொட்ட தண்ணீர் உடனே ஐஸாகிவிடாது. முழுக்க உறைய அது வெளியே விட வேண்டிய வெப்பம், 80 டிகிரித் தண்ணீர் 0 டிகிரிக்கு ஆறும்போது விடும் வெப்பத்துக்குச் சமம். கையில் இருப்பதை அவ்வளவு சுலபத்தில் விடாத கஞ்சன். தொட்டியில் ஆறு லிட்டர் ஊற்றினால் ஆறு கஞ்சர்கள்.

கேள்வி: உப்புப் போட்டால் தண்ணீர் உறையாதாமே? (வாசகி, வினிபெக்)

பதில்: உறையாது. குடிக்கவும் முடியாது. மைனஸ் 10 டிகிரி வரை தாங்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு 160 கிராம் அளவுக்கு உப்புக் கரைக்க வேண்டும். கடல் நீரில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதற்குப் பெயர் தண்ணீர் அல்ல, ஊறுகாய். ஊறுவது கோழி.

உப்புத் தண்ணீரை மூடிய பாட்டிலில் அடைத்து மிதக்கவிடும் வித்தையும் உண்டு. காற்றில் பாட்டில் அசைந்தால், மேலே படியும் ஐஸ் ஏடு உடையும். 0-வை ஒட்டிய குளிரில் இது கொஞ்சம் பலிக்கும். உங்கள் வினிபெக் ஜனவரியில் பாட்டிலும் சேர்ந்து ஐஸுக்குள் சமாதியாகிவிடும். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும்.

கேள்வி: பிஸ்கட் டின்னுக்குள் பல்பு வைத்து அதன்மேல் தண்ணீர்க் குடுவை வைக்கிறார்களே, நல்லதா? (வாசகி, ஆட்டவா அருகில்)

பதில்: டென்மார்க் பட்டர் பிஸ்கட்டின் அந்த நீலநிற வட்ட டின்னைத்தானே சொல்கிறீர்கள்? நம் வீடுகளில் அதைத் திறந்து பிஸ்கட்டைப் பார்த்தவர் யார்? ஊசியும் நூலும் பட்டனும்தான் இருக்கும். அந்த டின்னுக்கு இப்படியொரு மறுபிறவி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

உள்ளே 40 வாட் குண்டு பல்பு, மேலே தகரக் குடுவை. பல்பின் சூடு தண்ணீரை உறையவிடாது. எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது இங்கே குற்றம். ஆனால் தகரம், தண்ணீர், மின்சாரம், வைக்கோல் நாலும் ஒரே இடத்தில் கூடினால் எனக்குத் தூக்கம் வராது. கையால் ஒட்டுப்போட்ட வயர் என்றால் வேண்டவே வேண்டாம். தெர்மோஸ்டாட் வைத்த சூட்டுக் கிண்ணம் கடையில் கிடைக்கிறது, நாய்க்கென்று விற்பதுகூட ஆகும். 60 வாட் கிண்ணம் 24 மணி நேரம் ஓயாமல் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தொடாது. பகலில் மட்டும் போட்டால் அரை யூனிட். டின்னில் மறுபடி நூலை வையுங்கள்.

கேள்வி: பெரிய சிவப்பு ஹீட் லாம்ப் தொங்கவிட்டால் தண்ணீரும் உறையாது, கோழிக்கும் கதகதப்பு. சரிதானே?

பதில்: தவறு. 250 வாட், கீழே காய்ந்த கூளம், பக்கத்தில் பறக்கத் தெரிந்த உயிரினம். குளிர்காலக் கூண்டுத் தீ விபத்துகளில் இந்த விளக்குக்குப் பெரும் பங்கு. கோழிக்கு இறகுப் போர்வை இருக்கிறது, தண்ணீருக்குத்தான் இல்லை.

கேள்வி: கோழி ஸ்னோவைக் கொத்தித் தின்கிறதே, பிறகு தண்ணீர் எதற்கு?

பதில்: தின்னும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீராவது வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் கிடக்கும் கால் கிலோ பனியை உருக்கி, கோழியின் உடல்சூடான 41 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 31 கலோரி செலவு. அது தின்னும் தீவனத்தில் கிடைப்பது சுமார் 300. பத்தில் ஒரு பங்குத் தீவனத்தை விறகாக எரித்துத் தண்ணீர் காய்ச்சுகிறது கோழி. தீவன மூட்டைக்குக் காசு கொடுப்பது நீங்கள். அதோடு, முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வாய்க்கால் வறண்டால் வயல் எப்படி விளையும்?

கேள்வி: சூடான தண்ணீர்தான் சீக்கிரம் உறையும் என்று என் மகன் வாதாடுகிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் துணைக்கு ஆள் வைத்திருக்கிறான். தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் 1963-ல் ஐஸ்கிரீம் செய்யும்போது இதைக் கவனித்தார். ஆசிரியர் சிரித்தார். 1969-ல் டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரோடு சேர்ந்து கட்டுரையே வெளியிட்டார். எப்போது நடக்கும், ஏன் நடக்கும் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையில் உங்கள் கோழியை இழுக்காதீர்கள். வெதுவெதுப்பாக ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஆவி கூண்டுக்குள் ஈரமாகப் படியும். குளிரைவிட ஈரம்தான் கொண்டையைக் கெடுக்கும்.

கேள்வி: சேவலின் தாடி நுனி கறுத்துவிட்டது. தண்ணீர் காரணமா? (வாசகர், கியூபெக்)

பதில்: பெரும்பாலும் ஆமாம். தொங்கும் தாடியைத் தொட்டியில் முக்கிக் குடிக்கிறது, அந்த ஈரம் காற்றில் உறைகிறது, நுனி செத்துக் கறுக்கிறது. வாய் குறுகிய பாத்திரமாக மாற்றுங்கள். அல்லது ஓரத்தில், அலகால் கொத்தினால் தண்ணீர் விடும் நிப்பிள் பொருத்திய வாளி, உள்ளே சின்ன ஹீட்டர். அடியில் தொங்கும் நிப்பிள் சொட்டிச் சொட்டித் தானே அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் பொருத்துவதே மேல்.

உங்கள் மாகாணத்தில் இதற்கு ஒருவர் வேறு விடை கண்டார். ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாட்லென், பாத்திரத்தை மாற்றாமல் கோழியையே மாற்றிவிட்டார். கொண்டையும் தாடியும் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குச் சிறுத்த சாண்டிக்ளேர் இனம் அவருடையதுதான். துறவிக்குத்தான் தோன்றும், தாடியே தொல்லை என்று.

கேள்வி: எங்கள் ஊரிலும் ஜனவரியில் உறைபனி. நான் என்ன வாங்க வேண்டும்? (வாசகர், ஊட்டி)

பதில்: ஒன்றும் வேண்டாம். ராத்திரி பாத்திரத்தை உள்ளே எடுத்துவையுங்கள். மறந்துவிட்டால் காலையில் மேலே படிந்த ஏட்டை விரலால் எடுத்துப் போடுங்கள். வெயில் வந்ததும் பனி போய்விடும், சுற்றுலாக்காரர்கள் மட்டும் இருப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுக் கோழிக்குத் தண்ணீர் வைப்பது யார்?

பதில்: நான்தான். மைனஸ் 20-ல், கையில் கெட்டிலோடு. மனைவி ஜன்னலுக்கு உள்ளே நின்று, தொட்டி நிரம்பிவிட்டதா என்று சைகையில் கேட்பார். கையுறைக்குள் விரல் அசையாததால் பதில் சொல்ல முடிவதில்லை.