ராஜாவுக்கு 3, ஜாக்கிக்கு 30

மலையகத் தோட்டத்துக் கல்யாணத்தில் பொழுது போகவில்லை என்று எந்த விருந்தாளியும் குறைபட்டு நான் கேட்டதில்லை. பொழுது அவர் கையில் இருந்தால்தானே போவதற்கு! முந்தின நாள் சாயங்காலம் ஹட்டனில் பஸ் ஏறி, வளைவுகளில் தலை சுற்றி, லயத்து வாசலில் பெட்டியோடு வந்து நிற்கிறவருக்கு முதலில் பிளேன்டீ வரும். அது ஆறுவதற்குள் கத்தி வரும். கத்திக்குப் பின்னால் ஒரு சாக்கு வெங்காயம் வரும். எதிரே உட்கார்ந்து உரிக்கிறவர் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று தெரியாது. பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரத்தில், பொகவந்தலாவையில் இருக்கும் இவருடைய சித்தப்பாதான் அவருடைய அத்தை வீட்டுக்காரர் என்பது வெளிவரும். "அட, அப்படின்னா நீங்க எனக்கு மச்சான் முறையில்ல!" மச்சான் என்று ஆன பிறகு கூச்சம் எதற்கு? மிச்ச வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளிவிடலாம்.

இந்த உறவுமுறைக் கண்டுபிடிப்பு சில நேரம் கடல் தாண்டியும் போகும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறிய சொந்தங்கள் கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியில் குடியேறிவிட்டார்கள். ஒரு சித்தியின் கொழுந்தனாரைத் தேடிப் புறப்பட்ட பேச்சு, தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பூண்டும் உரித்து முடிந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது மண்டபம். தோட்டத்துக் கோயிலிலும் லயத்து வாசலிலும் நடந்த கல்யாணங்கள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மண்டபங்களுக்கு இறங்கிவிட்டன. அங்கே சமையல் கொந்தராத்து. வெங்காயம் உரித்தே வருகிறது. வேலையில்லாத விருந்தாளி கதிரையில் உட்கார்ந்து மேடையிலுள்ள பிளாஸ்டிக் பூவை வெறிக்கிறார். ஆகவே அவரைப் பழகவைக்க விளையாட்டு தேவைப்படுகிறது. அதை இறக்குமதி செய்கிறவர்கள் கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். வெள்ளவத்தைக் கடையொன்றில் இருக்கும் என் அக்கா மகன், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மைக்கும் மூன்று விளையாட்டுகளும் கொண்டுவந்தான். "மாமா, சனங்க சும்மா சாப்பிட்டுட்டுப் போகக் கூடாது, பழகணும்" என்றான்.

முதல் ஆட்டம்: தாம் பிறந்த மாதத்தில் பிறந்த இன்னொருவரை ஒரு நிமிஷத்துக்குள் கண்டுபிடித்துக் கைகுலுக்க வேண்டும். எங்கள் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் இரண்டு. "ஐடென்டி கார்டுல இருக்கிறதா, எங்கம்மா சொன்னதா?" என்று ஒரு பெரியப்பா எழுந்து கேட்டார். அம்மா என்ன சொன்னார் என்று மைக் விசாரித்தது. "விடாத மழை, ரோட்டுல மண்ணு சரிஞ்ச அன்னிக்கு." மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் எங்கள் பக்கம் இது ஒரு தேதியே அல்ல. மண்டபத்தில் பாதிப் பேர் அந்த அடையாளத்துக்குப் பொருந்தி அவரிடம் கைகுலுக்கப் போனார்கள். மீதிப் பேர் வாயே திறக்கவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய பரம்பரை அல்லவா? பிறந்த விவரத்தை யாராவது எழுந்து நின்று விசாரித்தால், படிவம் எங்கே, எத்தனை பிரதி என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

இரண்டாவது ஆட்டம்: தன்னைப் பற்றி இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும், பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எதுவும் தெரியாத ஊரில் கண்டுபிடித்த விளையாட்டு இது. லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையை எட்டவும் எட்டாது. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் துணிந்து எழுந்தான். "நான் சிகரெட் குடிக்கிறதில்ல. எனக்குப் பாகற்காய் பிடிக்கும். தூக்கத்துல பாடுவேன்." அடுத்த காம்பரா அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "பாடுறது மட்டும் நெசம். முந்தாநாளு ரெண்டு மணி வரைக்கும் பாடுனான். சிகரெட்டு தண்ணிப் பீலிக்கரையில குடிக்கிறான்." அவனுடைய அப்பா முன்வரிசையில் இருந்தார். ஆட்டம் அத்துடன் முடிந்தது. அப்பாவும் மகனும் மட்டும் வெளியே போய்த் தொடர்ந்தார்கள்.

மூன்றாவது, சங்கீதக் கதிரை. நாளுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கும் மலைகளில், சரிவில் நின்றே காலம் போகிற பெண்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த இடத்தைப் பாட்டு போட்டதற்காக விட்டுக்கொடுப்பார்களா? மஸ்கெலியா அத்தை முதல் சுற்றில் உட்கார்ந்தார். பாட்டு மறுபடி தொடங்கியது. அத்தை அசையவில்லை.

"எந்திரிங்க அத்தை, சுத்தி வரணும்."

"நீ சுத்துப்பா, நான் பாக்குறேன்."

ஒவ்வொரு கதிரையாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஒரு கதிரையும் அதில் அத்தையும் மிஞ்ச, விதிப்படி அவருக்கே வெற்றி. பரிசு, பளபளப்பான பெட்டியில் ஏற்றுமதித் தேயிலை. அத்தை அதைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது எந்த ஸ்டோருத் தூளு?" என்றார். அவருக்குத் திருப்தியில்லை.

கொழும்பு விளையாட்டுகள் மோசமானவை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் சனங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆடச் சொன்னால் ஆடமாட்டார்கள். ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தால் அதையே ஆட்டமாக்கிவிடுவார்கள். இதற்கு முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம்தான் சாட்சி. கல்யாணத்துக்கு முந்தின இரவு, அடுப்புக்குக் காவல் இருக்கிற சாக்கில் ஆண்கள் சீட்டுக்கட்டை எடுப்பார்கள். நாலு பேர், எதிரெதிரே உட்கார்கிறவர்கள் ஒரு கட்சி. கணக்கு எளிது: ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76. நாலு சாதியும் சேர்ந்தால் 304. கல்யாண வீட்டை நன்றாகக் கவனித்த யாரோதான் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். ராஜா மாதிரி உடுத்தி நிற்கிற மாப்பிள்ளைக்கு அன்று 3 மதிப்புத்தான். எங்கே நிற்க வேண்டும் என்பதைக்கூட மற்றவர்கள்தான் சொல்வார்கள். தாலி, மோதிரம், செருப்பு, வேன் சாவி எல்லாவற்றையும் மடியில் வைத்திருக்கிற தோழன் 30. பார்வைக்கு ஒன்றுமில்லாத, ஆனால் கோபித்துக்கொண்டால் கல்யாணமே நின்றுபோகிற சமையல்காரர் 20. தாய்மாமனுக்கு 11 கொடுக்கலாம், சீர் வந்து சேர்ந்திருந்தால். பெண்ணுக்கு 2, புடவையின் நிறத்தைப் பற்றிக்கூட அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தின் அருமை, கட்சி பிரிப்பதில் இருக்கிறது. சீர்வரிசைப் பேச்சில் முறைத்துக்கொண்ட பெண்ணின் மாமாவையும் மாப்பிள்ளையின் சித்தப்பாவையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட வேண்டும். துரும்பு கவிழ்ந்து கிடக்கும். கையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆகவே ஒருவர் முகத்தை மற்றவர் விடியவிடிய உற்றுப் பார்த்தாக வேண்டும். காலையில் இரண்டு பேரும் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு, தோற்றதற்குக் காரணமான மூன்றாம் ஆளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தாலி கட்டிய பிறகு நடக்கும் குடத்து மோதிரமும் இப்படித்தான். மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் மோதிரத்தைப் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கைவிட்டுத் தேட வேண்டும். சமவெளியில் இது வெட்கத்தோடும் சிரிப்போடும் நீண்டுகொண்டே போகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து அதிகாலை முகூர்த்தத்தில் அந்தத் தண்ணீருக்குள் கை போனால் காதலெல்லாம் உறைந்துபோகும். யார் முதலில் எடுப்பது என்று போட்டியில்லை. யார் முதலில் கையை வெளியே எடுப்பது என்றுதான் போட்டி. மாப்பிள்ளை எடுத்துவிட்டால், "பாருங்க, இப்பவே விட்டுக்கொடுக்கிறாரு" என்று பெண் வீட்டார் மெச்சுவார்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லாரையும் இழுத்துப்போடுகிற பெரிய கல்யாணம் மாசி மாதத்தில் காமன் கூத்தாக நடக்கிறது. ரதிக்கும் மன்மதனுக்கும் தோட்டமே கூடிக் கல்யாணம் செய்துவைக்கும். வழக்கமாக இருவருமே ஆண்கள். ரதி பகலில் கவ்வாத்து வெட்டப் போகிறவராக இருப்பார். லயம் லயமாக ஆடிவரும்போது எந்த வாசலும் சும்மா இருக்க முடியாது. கடைசியில் சிவனின் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிந்துபோகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தருகிற விளையாட்டு வேறு எங்கும் உண்டா?

சாப்பாடு முடிந்த பிறகும் முடியாத ஆட்டம் ஒன்று இருக்கிறது: மொய். அடுத்த கல்யாணத்துக்குப் போகுமுன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எதிராளி எவ்வளவு வைத்தார் என்று பார்த்துவிட்டுத்தான் காய் நகர்த்துவோம். 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது இந்த விளையாட்டின் விதிகளே குழம்பிப்போயின. 2015இல் வந்த 500 ரூபாய்க்கு இப்போது 500 ரூபாய் வைத்தால் நேர் செய்ததாகுமா? மொய் மேசையில் இதே கேள்விக்காக இரண்டு பேர் வரிசையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"சொந்தத்துக்குள்ள வட்டி கேப்பீங்களா?" என்றார் ஒருவர்.

"பின்ன, அந்நியர்கிட்டயா போய் கேக்க முடியும்?" என்றார் மற்றவர்.