உற்சவர் புறப்பாடு

மணிக்கு 260 கிலோமீட்டர் ஓடக்கூடிய ஒரு காரை மணிக்கு 55 மைல் வேகத்தில் கொண்டுபோய் இறக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த ஆளுக்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. சொந்தமாகப் பிக்கப் வண்டி இருக்க வேண்டும். நண்பர்களிடம் முடியாது என்று சொல்ல வராமல் இருக்க வேண்டும். இரண்டும் எனக்கு உண்டு.

பிக்கப்பை நான் வாங்கியது தோட்டத்துக்கு மண்மூட்டை ஏற்றிவர. ஆனால் சான் ஹொசேயில் ஒரு தமிழர் பிக்கப் வாங்கினால், மாதத் தவணை கட்டும் தேதியில் மட்டும்தான் அது அவருடைய வண்டி. மற்ற நாட்களில் ஊர்ப்பொது. கொலுப்படி போகும், பழைய சோஃபா வரும், பொங்கல் விழாவுக்கு ஸ்பீக்கர் போகும். அந்த வரிசையில்தான் நண்பனின் போர்ஷே வந்து நின்றது.

1991 மாடல் 911. நண்பன் வாரநாட்களில் மென்பொருள் எழுதுகிறான். சனிக்கிழமைகளில் அந்தக் காரைத் துடைக்கிறான். மான்டரே பக்கத்தில் லகூனா செகா பந்தயத் தடம் இருக்கிறது. 1957-இல் திறந்தது. நம்மைப் போன்றவர்களும் பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க அங்கே நாள் ஒதுக்குவார்கள். நண்பன் பணம் கட்டிவிட்டான்.

“எழுபது மைல்தானே, ஓட்டிக்கிட்டே போயிடேன். கார் வாங்கினதே ஓட்டத்தானே?” என்றேன்.

“மச்சான், உனக்கு விஷயம் புரியல” என்று ஆரம்பித்தான். தடத்துக்கென்று போட்டிருக்கும் டயர் சீக்கிரம் தேயும். அதை நெடுஞ்சாலையில் தேய்ப்பது பாவம். அங்கே கியர்பாக்ஸ் போய்விட்டால் வீடு திரும்ப வழி வேண்டும். இன்சூரன்ஸோ, பந்தயத் தடம் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

“அதாவது, உடையப்போகுதுன்னு தெரிஞ்சே கொண்டுபோற.”

“உடையாதுடா. ஆனா உடைஞ்சா?”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இது கார் இல்லை, உற்சவர். உற்சவர் எங்கேயும் தானாக நடந்து போவதில்லை. மகிமை கூடக் கூட, சொந்தக் காலைத் தரையில் வைப்பது குறைந்துகொண்டே போகும். திருவீதி உலாவுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் வர வேண்டும். வாடகைக்கு எடுத்த திறந்த டிரெய்லர்தான் வாகனம். தோள் என்னுடையது.

முதலில் லைசென்ஸைப் பார்த்தேன். இதற்கென்று தனித் தேர்வு இருக்கும், அதில் நான் தோற்பேன், கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. அப்படி எதுவும் இல்லை. 10,000 பவுண்டு வரையிலான டிரெய்லரை சாதாரண கார் லைசென்ஸிலேயே இழுக்கலாமாம். கிட்டத்தட்ட நாலரை டன். அந்த லைசென்ஸுக்கான ஓட்டுநர் தேர்வில் என்னைப் பின்னால் போகச் சொன்னது நடைபாதை ஓரமாக, நேராக, மூன்று கார் நீளத்துக்கு. அதை நம்பி அரசாங்கம் என்னிடம் நாலரை டன்னை ஒப்படைக்கிறது. என் மனைவி என்னை நம்பிப் பால் பாக்கெட்டைக்கூட ஒப்படைப்பதில்லை.

அடுத்த நம்பிக்கை, என் பிக்கப்புக்கு இழுக்கும் சக்தி போதாது என்பது. அதுவும் பொய்த்தது. அமெரிக்காவில் இந்தச் சக்தியை அளக்க ‘ஜே2807’ என்று ஒரு தரவிதி வைத்திருக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து மேலே போகும் 11.4 மைல் ஏற்றத்தில், பாலைவன வெயிலில், சுமையோடு ஏற வேண்டும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊரில் ஏற்காடு ஏறும்போது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஏசியை அணைத்துவிட்டு வண்டிக்காக மூச்சுப் பிடித்துக்கொள்ளும் பரம்பரையில் வந்தவன் நான். என் வண்டிக்கு இவ்வளவு தெம்பு என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

கார் 1,350 கிலோ. இரும்பு டிரெய்லர் 950 கிலோ. மொத்தம் 2,300. இதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் எடை டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் டங் வழியாகப் பிக்கப்பின் மேல் உட்கார வேண்டும் என்பது விதி. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். நடைப்பயிற்சி மெஷினின் மேல் பொம்மைக் காரையும் பொம்மை டிரெய்லரையும் ஓடவிட்டு இதை விளக்கும் வீடியோ ஒன்று உண்டு. பாரம் முன்னால் இருக்கும்போது லேசாகத் தட்டினால் டிரெய்லர் தானே நேராகிவிடும். அதே பாரத்தைப் பின்னால் நகர்த்தித் தட்டினால் ஆட்டம் கூடிக்கூடி முன்னால் போகும் காரையும் புரட்டிவிடும். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போர்ஷே 911-இன் எஞ்சின் எங்கே இருக்கிறது? பின்னால். பின் அச்சுக்கும் பின்னால். உலகத்தில் இத்தனை கார்கள் இருக்க, நண்பனுக்கு அமைந்தது பாரத்தை வாலில் வைத்திருக்கும் கார். எனவே ஏற்றியதும் காரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். மேடை பதினெட்டு அடி; கார் பதினான்கு அடி. மீதி நாலடியில் நம் உயிர் இருக்கிறது.

சரியான இடம் எது என்று பார்க்கக் குளியலறை எடைமெஷினை எடுத்து வந்தேன். அதன் மேல் நேராக வைத்தால் மெஷின் நசுங்கிவிடும். அதனால் ஒரு பலகையின் ஒரு முனைக்குக் கீழே குழாய்த் துண்டு, மறுமுனைக்குக் கீழே மெஷின். குழாய்க்கு ஓரடி, மெஷினுக்கு ஈரடி தள்ளி டங்கை இறக்க வேண்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் உண்மையான எடை. காரை ஒரு சாண் முன்னால் தள்ளுவது, மெஷினைப் பார்ப்பது, மறுபடி ஒரு சாண். கடைசியில் 190 பவுண்டு காட்டியது. மூன்றால் பெருக்கினால் 570, அதாவது 258 கிலோ. பதினொரு சதவீதம். கைதட்டினோம். வாசலில் நின்ற என் மனைவி, “ஏங்க, என் மெஷின்ல இனிமே யாராவது ஏறினா அதையும் மூணால பெருக்கணுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதெல்லாம் ஏற்றிய பிறகு நடந்தது. ஏற்றியதே ஒரு காண்டம். காரின் முன்உதடு தரையை முத்தமிடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சாய்தளத்தில் சக்கரம் ஏறுவதற்கு முன்பே உதடு போய் இடிக்கும். சாய்தளத்துக்கு முன்னால் பலகைகளை அடுக்கி ஏற்றத்தைக் குறைத்தோம். நண்பன் ஓட்டினான், நான் முன்னால் நின்று கையைக் காட்டினேன். ஒவ்வொரு அங்குலத்துக்கும், “உரசுதா? உரசுதா?” என்றான். பிரசவ அறைக்கு வெளியேகூட அவன் இவ்வளவு பதறவில்லை. நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியும்.

கார் மேலே போய் நின்றது. இறங்கலாம் என்று கதவைத் திறந்தான். கதவு நாலு விரற்கடை திறந்து டிரெய்லரின் மட்கார்டில் முட்டி நின்றது. உயரம் குறைந்த காரைத் திறந்த டிரெய்லரில் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சந்திக்கும் கட்டம் இது. மட்கார்டைக் கழற்றி மாட்டும் டிரெய்லர்கள் உண்டு. எங்களுடையது அந்த ஜாதி இல்லை. எடைமெஷினில் டங் காட்டிய அதே 190 பவுண்டு எடையுள்ள நண்பன், ஜன்னல் வழியாகத் தலையை முதலில் நீட்டினான். பிறகு ஒரு தோள். பிறகு நீண்ட இடைவெளி. எதிர்வீட்டுக் குழந்தைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

பிறகு கட்டும் வேலை. நாலு சக்கரத்துக்கும் நாலு ராட்செட் பட்டைகள். ஒவ்வொன்றும் 3,333 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும். காரின் உடம்பைக் கட்டாமல் சக்கரத்தைக் கட்ட வேண்டும். அப்போதுதான் கார் தன் ஸ்பிரிங்கில் குதித்துக்கொள்ளலாம், பட்டை தளராது. கொக்கியின் குண்டு சரியான அளவா என்று பார்க்க வேண்டும். இரண்டு அங்குலக் குண்டில் 2 5/16 அங்குல மூடி உட்கார்ந்த மாதிரியே நடிக்கும், முதல் பள்ளத்தில் எழுந்து போய்விடும். மாட்டியபின் ஜாக்கியால் டங்கைத் தூக்க வேண்டும். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சங்கிலிகளைக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். குண்டு நழுவினாலும் டங் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். இவை எல்லாமே தப்பினால் இழுபடும் ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. பிரிந்து போகிற டிரெய்லருக்குத் தானாகவே பிரேக் போடுவது அதன் வேலை. இதைச் செய்தவர்கள் மனிதனை எந்தக் கட்டத்திலும் நம்பவில்லை என்பது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

விளக்குச் சோதனைக்கு மனைவி பின்னால் போய் நின்றாள்.

“இடது?”

“எரியுது.”

“வலது?”

“எரியுது.”

“பிரேக்?”

“எரியுது. அடுப்பும் எரியுது. நான் போகவா?”

கிளம்பினோம். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவருக்கு உச்ச வேகம் 55 மைல். இடமோ வலது ஓரம். 101-ஆம் நெடுஞ்சாலையில் 55-இல் போய்ப் பார்த்தால்தான் மற்றவர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். பிரியஸ் தாண்டிப் போனது. மெத்தையைக் கூரையில் கட்டிய ஒரு கொரோலா தாண்டிப் போனது. 250 குதிரைசக்தி எஞ்சின் எனக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தது. பெரிய லாரிகள் தாண்டும்போது மட்டும் காற்று முதலில் டிரெய்லரைத் தள்ளும், பிறகு இழுக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது; ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். “என்ன மந்திரம்?” என்றான் நண்பன். மந்திரம்தான்.

கில்ராய் வந்தது. பூண்டுக்குப் பேர்போன ஊர். காற்றிலேயே வாசனை வந்தது. பட்டைகளை இறுக்கிப் பார்க்கவும் பெட்ரோல் போடவும் நின்றோம். புகைப்படம் எடுக்க ஒரு சிறுவன் வந்தான். ஒரு பாட்டி போர்ஷேயைத் தடவிப் பார்த்தார். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான்: “ஐயோ, என்ன ஆச்சு? ரிப்பேரா?” டிரெய்லர் மேல் இருக்கும் கார் என்றால் செத்துப்போன கார் என்றுதான் உலகம் நினைக்கிறது. “நல்லாத்தான் ஓடும்” என்று நண்பன் எல்லோரிடமும் சொன்னான். சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை.

பெட்ரோல் பங்க்கில்தான் டிரெய்லர் வாழ்க்கையின் சாரம் புரிந்தது. உள்ளே போவதற்கு முன்பே வெளியே வரும் வழியைப் பார்த்துவிட வேண்டும். இந்த விதியைக் கல்யாணம், வேலை, ஹோம் லோன் எதிலுமே நான் கடைப்பிடித்ததில்லை. இப்போது ஒரு காபிக்கு நுழையும்போதே வெளியேறும் திசையைப் பார்க்கிறேன். எல்லாம் பின்னால் எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம்.

அந்தப் பயம் லகூனா செகாவின் வாகன மைதானத்தில் நிஜமானது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகிறது. அது போவதைத் திருத்தினால் இன்னும் அதிகமாகப் போகிறது. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, “ஸ்டியரிங்கை அடியில் பிடி. டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து” என்றார். ஸ்டியரிங்கின் உச்சியைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அடியில் ஒரு ஞானம் இருந்திருக்கிறது. கை போன பக்கம் டிரெய்லர் போனது.

நண்பன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இந்த முறை கதவு வழியாகவே உள்ளே போனான். இங்கே ‘கார்க்ஸ்க்ரூ’ என்று ஒரு வளைவு உண்டு. 450 அடி தூரத்துக்குள் 59 அடி இறங்கும். கிட்டத்தட்ட ஐந்து மாடி. மேட்டின் உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் பாதை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதில் நண்பன் இறங்கிக்கொண்டே இருந்தான். சுற்றுவட்டாரத்து வீடுகளுக்காக இங்கே சத்தத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். மீறினால் கறுப்புக் கொடி. நண்பனுக்கு அது காட்டப்படவில்லை. வெளியே வந்ததும் தன் சுற்று நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்குவரை சொன்னான். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நானும் என் நேரத்தைச் சொன்னேன். சான் ஹொசேயிலிருந்து இங்கே, இரண்டு மணி நேரம். அவன் ரசிக்கவில்லை.

உடையும் உடையும் என்று தூக்கிவந்த கார் ஒரு திருகாணிகூட உதிராமல் திரும்பியது. மறுபடி பலகை, மறுபடி ஜன்னல், மறுபடி பட்டை. முடிந்ததும் சாவியை அவனிடம் நீட்டினேன்.

“திரும்பும்போது நீ ஓட்டுடா.”

“வேணாம் மச்சான். பயமா இருக்கு.”

“என்னடா, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல நாள் பூரா இறங்கின. இது 55 மைல்டா!”

“அங்க முன்னாடி பார்த்தா போதும். இதுல பின்னாடி வர்றது என் கார்.”

“அப்ப முன்னாடி போறது?”

“அது உன் வண்டிதானே, பரவாயில்ல.”

சலினாஸ் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். தூங்குவதற்கு முன், அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னான். பட்டைகள் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அவன் கட்டும் விதம் எனக்குத் திருப்தியில்லை.