சேர்ந்து கச்சேரிக்குப் போவதற்கான செயலி: வடிவமைப்புக் கோட்பாடுகள்

மார்கழிக் கச்சேரிக்கு நண்பர்களைக் கூட்டிப்போகும் கைபேசிச் செயலி என்பது, நான்கு பேரை ஒரே மாலையில் ஒரே சபாவில் உட்காரவைக்கும் கருவி. இதன் தேவை புதியதன்று. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தோன்றியது. 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக மறு ஆண்டில் மியூசிக் அகாதெமி வந்தது. அதன்பின் சபாக்கள் பெருகின. நண்பர்களுக்குள் ஒருமித்த கருத்து மட்டும் பெருகவில்லை.

முதல் சிக்கல் மாலை ஆறு மணி. மூத்த வித்வான்களை ஏறத்தாழ எல்லாச் சபாக்களும் அந்த நேரத்தில்தான் மேடையேற்றுகின்றன. எனவே செயலி பயனர்களை முதலில் இனம் பிரிக்க வேண்டும். பாடகருக்காக வருபவர், பக்கவாத்தியத்துக்காக வருபவர், ராகம் கண்டுபிடிக்க வருபவர், கேண்டீனுக்காக வருபவர் என இவர்கள் நால்வகையர். முதல் மூவரும் தம் வகையை ஒளிக்காமல் பதிவு செய்வர். நான்காமவர் ‘பாடகருக்காக’ என்றே பதிவு செய்வார். ஆகவே கேள்வியை மாற்றி, ‘சென்ற ஆண்டு கேட்டவற்றில் மறக்க முடியாதது எது?’ என்று கேட்பதே முறை. கீரை வடை என்று பதில் வந்தால் வகை தெளிவு.

ராகம் கண்டுபிடிப்போருக்கான பகுதியில் தனிக் கவனம் வேண்டும். ஆலாபனை தொடங்கியதும் பயனர் தம் ஊகத்தைப் பதிவு செய்ய, பாடகர் பல்லவியை எடுக்கும்வரை செயலி அதைப் பூட்டி வைக்கும். இந்தப் பூட்டு இல்லாவிட்டால், ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பவர் எண்ணிக்கை அரங்கின் இருக்கைகளை மிஞ்சிவிடும். 72 மேளகர்த்தாக்களையும் பட்டியலிடுவது எளிது. ஜன்யங்களுக்குத் திரை போதாது. தர்பாரா, நாயகியா என்று தத்தளிப்பவருக்காக ‘நாக்கு நுனியில் நிற்கிறது’ என்றொரு பொத்தான் கட்டாயம் தேவை. மிகுதியாக அழுத்தப்படுவது அதுவாகவே இருக்கும்.

இருக்கை பிடிக்கும் வசதி தேவையில்லை. பிற்பகல் இலவசக் கச்சேரிகளில் ஒரு கைப்பை இரண்டு நாற்காலிகளையும், மடித்த சால்வை மூன்றாவதையும் காக்கும். இந்த ஏற்பாட்டை வெல்லும் மென்பொருள் இல்லை.

அடுத்தது மிருதங்க வித்வானின் தனி ஆவர்த்தனம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரி பத்ததியில் வர்ணம், கிருதிகள், பிரதான உருப்படி, அதையொட்டித் தனி, பிறகு துக்கடாக்கள், மங்களம் என்று வரிசை உண்டு. ஆதலால் தனி தொடங்கும் நேரத்தை ஓரளவு கணிக்கலாம். கணித்து முன்னறிவித்தால் என்ன ஆகும் என்பதே இத்துறையின் அறச்சிக்கல். அறிவிப்பு வந்த கணத்தில் அரங்கில் பாதி எழுந்துவிடும். மிருதங்க வித்வான் முதுகுகளுக்கு வாசிப்பார். கேண்டீனில் காபி வரிசை வாசலைத் தாண்டும். பக்கவாத்தியத்துக்காக வந்த நண்பர், தொடையில் தாளம் தப்பாமலே, எழுந்து போகிறவரை முறைப்பார். நட்பு முறிய இது போதும். எனவே தனி முடிந்து கைதட்டல் ஓய்ந்த பின்பே செயலி அதிர வேண்டும். பயனர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி இதை மாற்றுவது கூடாது.

கச்சேரிக்குப் பின் விமர்சனம் எழுதும் இடம் சுருக்கமாக இருத்தல் நலம். ‘சாரீரம் இன்னிக்கு ஒத்துழைக்கலை’ என்ற ஒரு வரியை முன்கூட்டியே அச்சிட்டு வைத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

எஞ்சுவது செலவைப் பங்கிடும் கணக்கு. வெளிநாட்டுச் செயலிகளில் இது பெரிய பகுதி. இங்கே அதைச் சேர்ப்பது வீண்: கேண்டீனில் பில் போடும் வரிசையில் முன்னால் நிற்பவரே நால்வருக்கும் கொடுத்துவிடுகிறார்.