பற்றறாவியல்

மாணாக்க, இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், மிதித்த பின்னும் பற்று விடாத கார்களின் தொகை, வகை, விரி உணர்த்துதல் நுதலிற்று. பட்டறையார் கிளட்ச் என வழங்குவதை இந்நூல் பற்றுவிடி எனக் குறியிட்டு ஆளும். திருநெல்வேலி டவுணில் "கியர் வுழமாட்டேங்கு அண்ணாச்சி" என்று எழும் முறையீடே இந்நூலின் தோற்றுவாய்.

பற்றுவிடியாவது, பொறிக்கும் பல்லிணைப் பேழை எனப்படும் கியர்பாக்ஸுக்கும் இடைநின்று, வேண்டும்போது கூட்டியும் வேண்டாதபோது பிரித்தும் வைப்பது. அதன் உறுப்பு நான்கு: பொறியோடு ஓயாது சுழலும் பேராழி, பேழைக்கோலில் ஏறி நிற்கும் பற்றுத்தட்டு, அதனைப் பேராழியோடு நெருக்கும் அழுத்துதட்டு, அந்நெருக்கத்தைத் தரும் வில்லிதழ். உலக வழக்கில் இவை முறையே ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், டயாஃபிராம் ஸ்பிரிங் எனப்படும். மிதியை அழுத்தக் கவை என்னும் ஃபோர்க் அசையும், கவை ரிலீஸ் பேரிங் எனப்படும் விடுவிப்புருளியைத் தள்ளும், உருளி வில்லிதழின் நடுவை அமுக்கும், அழுத்துதட்டு பின்வாங்கும். பின்வாங்கும் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. இதனை நெஞ்சில் இருத்துக. அரைச்சாணுக்கு மேல் கால் இறங்கி ஈட்டும் பொருள் இத்துணைச் சிறிது ஆதலின், வழியில் சிறிது களவு போயினும் தட்டு முற்றப் பிரியாது. பற்றறாமை என்பது பெரும்பாலும் இக்களவே. களவு நிகழ்ந்த இடம் காண்டலே நம் தொழில்.

அறிகுறி மூன்று. நின்ற வண்டியில் முதற்பல்லிணை விழ மறுத்தல் ஒன்று. பின்செல் பல்லிணை கரகரத்தல் இரண்டு. மிதியை அடிவரை அழுத்திப் பிடித்திருக்கவும் வண்டி தானே முன் ஊர்தல் மூன்று. இம்மூன்றாவது, மாலைப்பொழுதில் வாகையடி முக்கில், முன்நிற்கும் ஆட்டோவை நோக்கி நிகழுமாயின், நோய்நாடலுக்கு முன்னர்ச் சொற்போர் ஒன்று நிகழும். அதன் வகைகளை இங்கு விரியாம். மேட்டில் பொறி உறுமியும் வண்டி ஏறாமை வழுக்கல் எனப்படும். அது பற்றாமை, இது பற்றறாமை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றன் மருந்தை மற்றதற்கு ஊட்டியவர் இரண்டையும் ஒருங்கே பெற்றனர்.

ஐயம் நீக்கும் ஆய்வு ஒன்று உண்டு. பொறியை மெல்ல ஓடவிட்டு, மிதியை முற்ற அழுத்தி, பத்து நொடி பொறுத்து, பின்செல் பல்லிணையை இடுக. ஓசையின்றி விழுந்தால் பற்று அற்றது, கரகரத்தால் அறவில்லை. அதனையே தேர்ந்தது என்னை எனின், பல கார்களில் அதற்குச் சிங்க்ரோமெஷ் எனப்படும் ஒத்தியக்கி இல்லை. ஆகவே பொய் சொல்லாது. முன்செல் பல்லிணைகள் ஒத்தியக்கியின் மறைவில் நின்று சில நாள் குற்றத்தை ஒளிக்கும்.

இனி வகை. பற்றறாமை, களவு நிகழும் இடம்பற்றிக் காற்பால், வழிப்பால், தட்டுப்பால் என முப்பாற்படும். ஒவ்வொரு பாலும் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றாற் பிரியும். புணர்ச்சிக்கு ஓதிய மூன்றும் பிரிவுக்கு ஆகுமோ என வினவற்க, பிரியாதபோது ஆகும்.

காற்பாலுள் முதலாவது கீழ்த்தடை. இது தோன்றலின்பாற்படும். மிதியின் அடியில் ஒரு பொருள் கிடந்து அதனை முற்ற இறங்கவிடாமை இதன் இயல்பு. நிலைத்தடை, உருள்தடை என இரண்டாம். நிலைத்தடையாவது கால்விரிப்பு. காரோடு வந்த விரிப்பின்மேல் கடையில் வாங்கிய தடித்த விரிப்பை இட்டு, அதன்மேல் சேறு படியாதிருக்கச் செய்தித்தாளும் இடுவார் உளர். அவ்வடுக்கு மிதியின் வழியில் ஒருவிரல் உயரத்தை உண்டுவிடும். உருள்தடையாவது இருக்கையின் அடியிலிருந்து உருண்டு வருவது: நீர்ப்புட்டி, குடை, மாற்றுச் செருப்பு. இருட்டுக்கடை அல்வாப் பொட்டலம் உருளாது, வழுக்கி வரும். ஆகலின் அதனை உருள்தடையுள் அடக்கலாமோ எனின், அடக்கற்க. மிதியின்கீழ் அது நசுங்கி இடம் விட்டுவிடுமாதலின் தடையே அன்று என்பது எம் துணிபு. நீர்ப்புட்டி பிரேக் மிதியின் அடியிற் புகுந்தால் அது வேறு நூலின் பொருள். அந்நூலைத் தேடாது வண்டியை நிறுத்தி எடுத்தெறிக.

இரண்டாவது குறைமிதி. தம்மினும் நெடியார் ஓட்டிய காரில், இருக்கையை முன்னிழுக்காது அமர்ந்து, கால் எட்டாது மிதித்தல். அத்தான் வண்டியை இரவல் வாங்கினாரிடத்து மிகுதி. மூன்றாவது வெற்றசைவு மிகை. மிதியை விரலால் அமுக்கினால் எதிர்ப்பின்றி இறங்கும் முதற் சிற்றளவு வெற்றசைவு. ஃப்ரீ பிளே என்பதும் அது. அறவே இல்லையேல் வழுக்கல், மிகுந்தால் பற்றறாமை. தக்க அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் உளது. கையேடு பெரும்பாலும் உறை பிரிக்கப்படாது உளது.

வழிப்பால், கம்பிவழி, நீர்வழி என இரண்டு. கம்பிவழிக்கு எடுத்துக்காட்டு, 1983 முதல் 2014 வரை விளைந்த மாருதி 800. கம்பி நாளடைவில் நீளும். இது நீட்டல் திரிபு. கவையின் பக்கத்தில் உள்ள நட்டைத் திருகி வெற்றசைவைக் குறைப்பதே மருந்து. திருகத் திருக மரை தீர்ந்துவிட்டதேல் கம்பியை மாற்றுக. இழை ஒன்றிரண்டு அறுதல் கெடுதல். இழையறுந்த கம்பி முன்னறிவிப்பின்றி ஒருநாள் முழுதும் அறும்.

நீர்வழியில் இரு குழல் உண்டு. மிதியின்கீழ் இருந்து ஏவுவது ஏவுகுழல்; கவையருகே இருந்து ஏவியது செய்வது ஏவற்குழல். மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் என்பன இவை. இடையில் காற்றுக் குமிழி புகுதல் தோன்றல். நீர்மம் அமுங்காது, காற்று அமுங்கும்; ஆகவே கால் இறங்கிய அளவெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே கழியும். இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தபின் கியர் விழுமாயின் குமிழியை ஐயுறுக, காற்றிறக்கினால் தீரும். கசிவு கெடுதல். அது புறக்கசிவாயின் கலத்தில் அளவு குறையும். அகக்கசிவாயின் குறையாது: ஏவுகுழலின் உள்ளே இரப்பர் வளையம் தேய்ந்து, நீர்மம் வந்த வழியே திரும்பும், அழுத்திப் பிடித்த மிதி மெல்லத் தாழும். பிரேக் நீர்மத்துக்கு மாறாகப் பொறியெண்ணெய் ஊற்றியதால் வளையங்கள் ஊதிப் பருத்தல் திரிதல். இதனைச் செய்தவர் தாம் செய்ததாக ஒருபோதும் சொல்லார்.

தட்டுப்பாலுள் தலையாயது துருப்பற்று. 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் பொருநையாகிய தாமிரபரணி கரைமீறி, சந்திப்பும் கைலாசபுரமும் மீனாட்சிபுரமும் நீருள் நின்ற காலத்தை நினைக. நீரில் நின்று, பின் நாட்கணக்கில் ஓடாது கிடக்கும் காரில், பற்றுத்தட்டுக்கும் பேராழியின் இரும்புக்கும் இடையே துரு தோன்றி இரண்டையும் ஒன்றாக்கும். மிதி மெய்யாகவே வேலை செய்யும், அழுத்துதட்டும் விலகும்; தட்டு மட்டும் விலகாது. பொறிக்குள் நீர் புகவில்லை எனத் தெளிந்த பின்னரே மருந்து தொடங்குக. முன்னும் பின்னும் ஆளற்ற வெட்டவெளியில், நின்ற பொறியில் முதற்பல்லிணை இட்டு, மிதியை அழுத்தியபடி கிளப்புக. வண்டி உடனே ஓடும், அஞ்சற்க. மிதியை விடாது, ஆக்சிலரேட்டர் எனப்படும் விசைமிதியை வெடுக்கென ஏற்றி ஏற்றி இறக்குக. துரு விட்டால் வண்டி தானே ஓய்ந்து நிற்கும்.

அடுத்தது கோட்டம், அஃதாவது தட்டு வெப்பத்தால் வளைந்து, விலகிய பின்னும் ஓரிடத்தில் உரசுதல். இதனை வளர்க்கும் விளைநிலம் இரண்டு. நெல்லையப்பர் கோயிலின் நான்கு ரத வீதிகளில் அரைமிதியில் நகர்வது ஒன்று. 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில், கைத்தடுப்பை இழுக்கச் சோம்பி, பற்றுவிடியாலேயே வண்டியைத் தாங்கி நிற்பது மற்றொன்று. நெய்ப்பற்று, எண்ணெய் கசிந்து தட்டில் ஒட்டுதல். பண்டைக் கார்களின் தோல் போர்த்த கூம்புப் பற்றுவிடிக்கு எண்ணெய் பூசிப் பதப்படுத்தினர். அதனைச் சான்றாகக் கொண்டு இன்று பூசற்க. நேற்று மாற்றிய தட்டு இன்றே பற்று விடாதாயின் மாறிப்பூட்டலை ஐயுறுக: தட்டுக்கு முன்முகமும் பின்முகமும் உண்டு. பைலட் பேரிங் எனப்படும் நுனித்தாங்கி இறுகல் இவற்றுள் அரிது; தட்டு முற்றப் பிரிந்தும், பேழைக்கோலின் நுனியைப் பேராழி நடுவில் பற்றிச் சுழற்றும்.

ஆய்வு முறை கால், வழி, தட்டு என்னும் வைப்பு முறையே. பேழையை இறக்கும் கூலியே பெருஞ்செலவாதலின், விரிப்பைத் தூக்கிப் பாராது பேழையை இறக்குவாரை இந்நூல் ஆசான் என ஒப்பாது.

புறனடை: பொறியை நிறுத்திய பின்னும் கியர் விழாதாயின் அது பற்றறாமை அன்று, பெரும்பாலும் பல்லிணைக்கோலின் குற்றம். இரண்டே மிதி உடைய தானியங்கிப் பல்லிணைக் கார்களுள் சிலவற்றில் பற்றுவிடியைக் காலுக்கு மாறாக ஓர் இயக்கியே மிதிக்கும். அவ்வூர்தியார்க்குக் காற்பால் இல்லை. ஏனைய இரண்டும் உண்டு.